செயல்வழி ஆராய்ச்சியும் நமது சங்கங்களும்

ஆராய்ச்சி என்றவுடன் சோதனைச்சாலையையே நினைப்பது வழக்கம். தென்னந்தோப்பிலும் தறிக்கூடத்திலும் நடத்தக்கூடிய ஆராய்ச்சியும் ஒன்றுண்டு. திட்டமிட்டுச் செய்து, விளைவை அளந்து, குறை கண்டவிடத்துத் திருத்தி மீண்டும் செய்வதே அதன் முறை. அமெரிக்காவில் வாழ்ந்த உளவியல் அறிஞர் கர்ட் லெவின் 1946-ல் இதனைச் செயல்வழி ஆராய்ச்சி என்று விளக்கி எழுதினார்.

பெயர் பரவுமுன்பே காரியம் நம் மாவட்டத்தில் நடந்தது. 1920-களில், அன்று திருவிதாங்கூரிலிருந்த மார்த்தாண்டத்தில், ஒய்.எம்.சி.ஏ. சார்பில் ஸ்பென்சர் ஹாட்ச் கிராமப் புனரமைப்புப் பணியைத் தொடங்கினார். தேனீ வளர்ப்பும் கூட்டுறவு முட்டை விற்பனையும் அங்கே வேரூன்றின. ஆலோசனை வெளியிலிருந்து வரலாம். முயற்சி கிராமத்தாருடையதாகவே இருத்தல் வேண்டும் என்பது அவர் கொள்கை.

ஆயினும் இம்முறையில் இடர்ப்பாடுகள் மூன்று உண்டு.

முதலாவது, இட வேற்றுமை. மார்த்தாண்டத்தைச் சுற்றியுள்ள ரப்பர் தோட்டங்களில், தளிர்க்கும் இலைக்காம்புகளில் சுரக்கும் மதுவே தேனுக்குப் பேராதாரம். மணவாளக்குறிச்சிக் கடற்கரைத் தோப்புகளில் அவ்வசதி இல்லை. அங்குக் கண்ட தேன் கணக்கை நம்பி இங்குக் கடன் வாங்கினால் தவணை தவறும். இரண்டு பெட்டிகளை வைத்து, ஓராண்டு அளந்த பின்னரே பெருக்கலாம்.

இரண்டாவது, நஷ்டம் யாருடையது என்பது. 1991, 1992-ம் ஆண்டுகளில் பரவிய ‘தாய் சாக்புரூட்’ என்னும் வைரஸ் நோய் தென்னிந்தியாவில் எண்ணற்ற தேனீக் குடும்பங்களை அழித்தது. பெட்டி காலியானபோது நஷ்டம் வளர்த்தவருக்கே, ஆலோசனை கூறியவருக்கன்று. ஆகவே சோதனையில் இறங்குமுன், நஷ்டத்தில் சங்கத்தின் பங்கு எவ்வளவு என்று தீர்மானம் எழுதிக்கொள்ளல் நலம்.

மூன்றாவது, எம்மைப் போன்ற இன்ஸ்பெக்டர்களைப் பற்றியது. நாம் குறிப்பேட்டைத் திறந்தால் அங்கத்தினர் அதைத் தணிக்கையென்றே கருதுகின்றனர். நன்கு நடக்கும் பெட்டியைக் காட்டிவிட்டுக் காலிப் பெட்டியை மறைக்கின்றனர். குற்றம் அவர்களுடையது மட்டுமன்று. தோல்வியைக் குற்றமாகக் குறித்த பழக்கம் நம்முடையது. மறைத்த தோல்வியை அடுத்த அங்கத்தினர் மீண்டும் விலை கொடுத்தன்றோ வாங்குகிறார்!

நெசவாளருக்கும் இதுவே பொருந்தும். புதுச்சாயத்தை ஒரு பாவில் மட்டும் இட்டு, துவைத்துக் காயவைத்துப் பார்த்து, வெளுத்ததாயின் வெளுத்தது என்றே எழுதிவைக்க வேண்டும்.

அடுத்த பொதுக்கூட்டத்தில் வெற்றிக் கணக்கோடு தோல்விக் கணக்கையும் படியுங்கள். சோதனைக் குறிப்பைத் தணிக்கைப் புத்தகத்திலிருந்து வேறாக வைப்பது எமது கடமை. அதில் உண்மையை எழுதுவது உங்கள் கடமை.