சக்கரம் தடுமாறும்போது: இட உணரிகளைச் சோதிக்கும் முறை

மின்ஸ்கூட்டர் ஒன்று புறப்படும்போது அதிர்கிறது; காலால் உந்தித் தள்ளிய பிறகே ஓடுகிறது. உடனே மோட்டார் பழுதென்று முடிவு செய்து புதியதை வாங்குவோர் உண்டு. ஆனால், நல்ல மோட்டாரும் இவ்வாறு தடுமாறும். குறை, அதனுள் இருக்கும் விரல்நகத்தினும் சிறிய உணரி ஒன்றில் இருக்கலாம்.

சக்கரத்தினுள் அமைந்த இம்மோட்டாரில், எந்தச் சுருளுக்கு எப்போது மின்சாரம் செலுத்துவது என்பதைக் கட்டுப்பாட்டுக் கருவி தீர்மானிக்கிறது. அதற்குச் சுழலும் காந்தங்களின் நிலை தெரிய வேண்டும். அந்நிலையை அறிவிப்பவை மூன்று ஹால் உணரிகள். மின்சாரம் பாயும் கடத்தியைக் காந்தப்புலத்தில் வைத்தால் அதன் குறுக்கே சிறு மின்னழுத்தம் தோன்றுவதை 1879இல் அமெரிக்க இயற்பியலாளர் எட்வின் ஹால் கண்டறிந்தார். அவ்விளைவே இவ்வுணரிகளின் அடிப்படை.

ஒவ்வோர் உணரியும் 0 அல்லது 1 என்றே விடை தரும். மூன்றும் சேர்ந்தால் எட்டு நிலைகள் அமையலாம். ஆயினும் பரவலாக உள்ள 120 பாகை அமைப்பில் ஆறு நிலைகளே வரும்; 000, 111 ஆகிய இரண்டும் வாரா. ஓர் உணரி ஒரே விடையில் நின்றுவிட்டால், ஒவ்வொரு சுற்றிலும் தவறான நிலைகள் தோன்றும். அவ்விடங்களில் சக்கரம் அதிரும். ஓடும் வேகம் இருந்தால் அவற்றைத் தாண்டிவிடும். தள்ளினால் வண்டி ஓடுவதன் காரணம் இதுவே.

சோதனையை எளியதிலிருந்து தொடங்குக. மின்கலத்தின் இணைப்பை நீக்கி, இணைப்பிகளில் ஈரமோ துருவோ உள்ளதா, அச்சின் அருகே கம்பி தேய்ந்துள்ளதா எனக் காண்க. பிறகு சக்கரத்தைத் தரையிலிருந்து உயர்த்தி, இணைப்புகளை மீண்டும் பொருத்தி, மின்சாரம் கொடுக்கவும். வேக விசையைத் தொடலாகாது. பொதுவாகச் சிவப்பு, கறுப்புக் கம்பிகளுக்கிடையே ஏறத்தாழ 5 வோல்ட் இருக்க வேண்டும். பின், சக்கரத்தைக் கையால் மெல்லச் சுழற்றியவாறு மஞ்சள், பச்சை, நீலக் கம்பிகளை ஒவ்வொன்றாக அளக்கவும். மின்னழுத்தம் ஏறி இறங்க வேண்டும். ஒன்றில் மட்டும் மாற்றமில்லையெனில், குறை அவ்வுணரியிலோ அதன் கம்பியிலோ உள்ளது. 5 வோல்ட்டே வராவிடில், மோட்டாரின் உணரி இணைப்பைக் கழற்றி மீண்டும் அளக்கவும். அப்போது மின்னழுத்தம் வந்தால் குறை மோட்டார்ப் பக்கம். வராவிடில் கட்டுப்பாட்டுக் கருவியின் பக்கம். அளவியின் முனை இரு கம்பிகளை ஒருங்கே தொட்டால் நல்ல உணரியும் கெடக்கூடும்.

மாணவர்கள் எட்டு நிலைகளையும் தாளில் எழுதி, வாராத இரண்டை அடித்துவிட்டு, ஓர் உணரியை 0 என நிறுத்திப் பார்க்கட்டும். வண்டி எங்கே தடுமாறும் என்பதைத் திருகாணி ஒன்றையும் கழற்றாமலே அவர்கள் கூறிவிடுவர்.