பன்னிரண்டு சொற்களைக் கேட்கும் கடிதம்

மன்னார் தாம்போதியைக் கடந்து, தள்ளாடிச் சந்தியில் பஸ் பூநகரி வீதிக்குத் திரும்பிக் கொஞ்ச நேரத்தில், பக்கத்து இருக்கையில் இருந்த தம்பி தன் போனை என்னிடம் நீட்டினார்.

"அண்ணை, இதை ஒருக்கா பாருங்கோ. உண்மையோ?"

ஆங்கிலத்தில் வந்த மின்னஞ்சல் அது. மேலே அவர் பயன்படுத்தும் கிரிப்டோ வொலட்டின் சின்னம், அதே நிறத்தில். கீழே நான்கே வரிகள். புதிய பாதுகாப்பு நடைமுறைப்படி உங்கள் வொலட்டைச் சரிபார்க்க வேண்டும். 24 மணி நேரத்துக்குள் செய்யாவிட்டால் அதிலுள்ள நாணயங்கள் முடக்கப்படும். கீழேயுள்ள பொத்தானை அழுத்துங்கள். தம்பி அழுத்தியும் விட்டார். ஆனால் அந்த இடத்தில் சிக்னல் விட்டுவிட்டுத்தான் கிடைத்தது. பக்கம் திறக்காமல் வெறும் வெள்ளையாகச் சுற்றிக்கொண்டிருந்தது.

அவர் இலுப்பைக்கடவைக்காரர். வெளிநாட்டவர் ஒருவருக்கு வீடியோ தொகுத்துக் கொடுக்கிறார், கூலி டெதர் என்ற கிரிப்டோ நாணயமாக வருகிறது. எட்டு மாத உழைப்பு அந்த வொலட்டில் இருந்தது. பக்கம் திறப்பதற்கு முன் அதை மூடச் சொன்னேன். இலுப்பைக்கடவை வரும் வரை அவரிடம் சொன்னவற்றைத்தான் கொஞ்சம் விரித்து இங்கே எழுதுகிறேன்.

முதலில் கொழும்புக் கதையைச் சொன்னேன். 2016 பெப்ரவரியில், நியூயோர்க் பெடரல் ரிசர்வ் வங்கியில் பங்களாதேஷ் மத்திய வங்கி வைத்திருந்த கணக்கிலிருந்து பணம் அனுப்பும்படி 35 கட்டளைகள் போயின. மொத்தம் ஏறத்தாழ 951 மில்லியன் டொலர். எல்லாம் திருடர்கள் அனுப்பியவை. பெரும்பாலானவை தடுக்கப்பட்டன. ஆனால் 81 மில்லியன் டொலர் மணிலாவிலுள்ள ஒரு வங்கிக்குப் போய், அங்கிருந்து சூதாட்ட விடுதிகளுக்குள் கரைந்தது. இன்னொரு 20 மில்லியன் டொலர் இலங்கைக்கு, பான் ஏசியா வங்கியில் ஷாலிகா அறக்கட்டளையின் பெயரிலிருந்த கணக்குக்கு வந்தது. கட்டளையில் 'ஃபவுண்டேஷன்' என்று இருக்க வேண்டிய சொல் 'ஃபாண்டேஷன்' என்று இருந்தது. இடையில் நின்ற டொய்ச் வங்கி அந்த எழுத்துப் பிழையைக் கவனித்து விளக்கம் கேட்டது. இவ்வளவு பெரிய தொகை இலங்கைக்கு வருவது வழக்கமில்லையே என்று கொழும்பிலும் சந்தேகப்பட்டார்கள். 20 மில்லியன் டொலரும் திரும்பிப் போனது.

திருடர்கள் உள்ளே நுழைந்தது எப்படி? பூட்டை உடைத்தல்ல. அதற்கு ஓராண்டுக்கு முன், 2015 ஜனவரியில், பங்களாதேஷ் வங்கி ஊழியர்கள் சிலருக்கு ஒரு மின்னஞ்சல் வந்தது. வேலை தேடும் இளைஞர் ஒருவர் பணிவாக எழுதியதுபோல இருந்தது. தன் சுயவிவரக் கோவையை இந்த இணைப்பில் பார்க்கலாம் என்று எழுதியிருந்தார். அப்படி ஓர் இளைஞர் இருக்கவே இல்லை. அமெரிக்க நீதித் திணைக்களம் 2018 செப்டெம்பரில் வெளியிட்ட குற்றப்பத்திரம் இதை விவரிக்கிறது. வட கொரியாவோடு தொடர்புடைய, 'லாசரஸ்' என்று அழைக்கப்படும் குழுதான் இதைச் செய்தது என்பது அவர்களின் முடிவு.

தம்பிக்கு நான் இதைச் சொன்னது திருட்டின் அளவைக் காட்டுவதற்கல்ல. கொழும்புக்கு வந்த 20 மில்லியனைக் காப்பாற்றியது எந்தக் கணினியும் அல்ல. நடுவில் நின்ற யாரோ ஒரு ஊழியர் தாளைத் திருப்பிப் பார்த்து, "இது சரியோ?" என்று கேட்டார். வங்கி முறையில் அப்படி நடுவில் நிற்கும் ஆட்கள் இருக்கிறார்கள். சில வேளை நம்மை அலைக்கழிக்கிறார்கள், வரிசையில் காத்திருக்க வைக்கிறார்கள். ஆனாலும் இருக்கிறார்கள்.

கிரிப்டோ நாணயத்தின் அடிப்படையே அந்த நடு ஆளை எடுத்துவிடுவதுதான். 2008இல் பிட்கொயின் திட்டத்தை முன்வைத்தவர் அதைத்தான் அதன் சிறப்பாகச் சொன்னார். ஒருவர் அனுப்ப, மற்றவர் பெற, நடுவில் யாருடைய அனுமதியும் தேவையில்லை. உலகெங்கும் பல்லாயிரம் கணினிகளில் பதிவாகிவிட்ட பரிமாற்றத்தை எந்த முகாமையாளரும் திருப்ப முடியாது. போர்க்காலத்தில் வங்கியே இல்லாத ஊர்களில் வாழ்ந்தவர்களுக்கு இதிலுள்ள கவர்ச்சி புரியும். எனக்கும் புரிகிறது. ஆனால் "இது சரியோ?" என்று கேட்ட அந்த ஊழியரும் நடு ஆளோடு சேர்ந்து போய்விட்டார். அவருடைய வேலை இப்போது பஸ்ஸில் போனை வைத்திருக்கும் தம்பியின் தலையில்.

லாசரஸ் குழுவும் இதைப் புரிந்துகொண்டது. 2022 மார்ச்சில் ரோனின் என்ற கிரிப்டோ வலையமைப்பிலிருந்து 60 கோடி டொலருக்கும் மேல் போனது. அங்கேயும் வழி திறந்தது ஒரு பொறியியலாளருக்கு வந்த போலி வேலைவாய்ப்புக் கடிதம்தான் என்று பின்னர் செய்திகள் வந்தன. 2025 பெப்ரவரியில் பைபிட் என்ற பரிமாற்றகத்திலிருந்து ஏறத்தாழ 150 கோடி டொலர் போனது. இரண்டிலும் வட கொரியக் குழுவின் கை இருப்பதாக எஃப்.பி.ஐ. அறிவித்தது.

"நான் சின்ன ஆள்தானே, அண்ணை" என்றார் தம்பி. சின்ன ஆளிடம்தான் இது இன்னும் எளிதாக நடக்கிறது. ஏன் என்பதற்குப் பின்னால் அழகான ஒரு கணக்கு இருக்கிறது.

புதிய வொலட் ஒன்றைத் திறக்கும்போது, அது 12 அல்லது 24 சொற்களைக் காட்டி எழுதிவைக்கச் சொல்லும். 2,048 சொற்கள் கொண்ட ஒரு பட்டியலிலிருந்து கணினி எழுந்தமானமாகப் பொறுக்கிய சொற்கள் அவை. ஆங்கிலம், யப்பானியம், கொரியம், பிரெஞ்சு, செக் எனப் பல மொழிகளில் அந்தப் பட்டியல் உண்டு, தமிழில் இல்லை. அந்தச் சொற்கள்தான் வொலட். போன் உடைந்தாலும் கடலில் விழுந்தாலும், இன்னொரு போனில் அதே சொற்களை அதே வரிசையில் இட்டால் காசு முழுவதும் அங்கே தெரியும். 12 சொற்களில் அமையக்கூடிய செல்லுபடியான வரிசைகளின் எண்ணிக்கை 39 இலக்கம் கொண்ட ஓர் எண். உலகத்துக் கணினிகள் எல்லாம் சேர்ந்து ஊகித்துப் பார்த்தாலும் ஒரு மனிதரின் ஆயுளில் முடியாது. ஆகவே திருடனுக்கு ஒரே வழிதான் மிச்சம். உங்களிடமே கேட்டு வாங்குவது. தம்பியின் போனில் திறக்காமல் நின்ற அந்த வெள்ளைப் பக்கத்தில் பெரும்பாலும் பன்னிரண்டு பெட்டிகள்தான் காத்திருந்திருக்கும்.

"ஆனா அனுப்பினவரின்ர இடத்தில கொம்பனிப் பெயர்தானே இருக்கு?" என்று கேட்டார். நல்ல கேள்வி. மின்னஞ்சல் எப்படிப் போக வேண்டும் என்று 1982இல் ஜொன் பொஸ்டல் வகுத்த விதிகளில், அனுப்புநர் பெயரைச் சோதிக்கும் ஏற்பாடு இல்லை. ஒருவரையொருவர் நம்பிய ஆய்வாளர்களுக்காக எழுதிய விதிகள் அவை. தபால் உறையின் பின்பக்கம் யாரும் எந்தப் பெயரையும் எழுதலாம் அல்லவா, அதேபோலத்தான். பின்னாளில் எஸ்பிஎஃப், டிகிம், டிமார்க் என்ற சோதனைகள் வந்தன. இந்தத் தளத்தின் பெயரால் கடிதம் அனுப்ப இந்தக் கணினிக்கு உரிமை உண்டா என்று அவை பார்க்கும். ஆனால் திருடன் அசலைப் போலத் தோன்றும் ஒரு பெயரைக் காசு கட்டித் தன் பெயரில் பதிவு செய்துகொண்டால், மூன்று சோதனைகளிலும் ஒழுங்காகத் தேறிவிடுவான். குப்பைப் பெட்டிக்குப் போகாமல் நேரே வந்த கடிதம் என்பது எதற்கும் சான்றல்ல.

அசலைப் போலத் தோன்றும் பெயர் என்றால் எவ்வளவு போல? 2022 ஏப்ரலில் ட்ரெசர் என்ற வொலட் கருவி வாங்கியவர்களுக்கு ஒரு கடிதம் வந்தது. 1,06,856 வாடிக்கையாளர்களின் தரவு கசிந்துவிட்டது, உடனே புதிய செயலியை இறக்குங்கள் என்றது. அந்தத் துல்லியமான எண் கடிதத்துக்கு ஒரு நம்பகத்தைக் கொடுத்தது. நிறுவனம் வாடிக்கையாளருக்குக் கடிதம் அனுப்பப் பயன்படுத்திய மெயில்சிம்ப் சேவைக்குள் புகுந்து முகவரிகளை எடுத்திருந்தார்கள். இணைப்பில் இருந்த தளத்தின் பெயரில் எல்லா எழுத்தும் சரி. 'ஈ' என்ற ஆங்கில எழுத்தின் அடியில் மட்டும் ஒரு சிறு புள்ளி. போன் திரையில் அது தூசிபோலத் தெரியும். ஒரு புள்ளி எழுத்தையே மாற்றிவிடும் என்பதைத் தமிழருக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. க வேறு, க் வேறு.

புள்ளியே இல்லாமலும் ஏமாற்றலாம். நம் பழைய தமிழ் எண் ஒன்றை, ௧ என்பதை, க என்ற எழுத்தின் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான். கணினியின் எழுத்துக் குறியீட்டு எண்ணில் முன்னது 3047, பின்னது 2965. இப்படியே ஆங்கிலச் சிற்றெழுத்து 'ஏ' 97, ரஷ்ய மொழியின் அதே வடிவம் 1072. கணினிக்கு இவை எப்போதும் வெவ்வேறு, ஏமாறுவது நம் கண் மட்டும். அதனால்தான் மின்னஞ்சல் கணக்குக்கும் பரிமாற்றகக் கணக்குக்கும் பாஸ்கீ என்ற முறையை வைத்துக்கொள்ளச் சொல்கிறேன். அது தளத்தின் பெயரைக் கணினியின் கண்ணால் பார்க்கிறது. போலித் தளத்தில் நாமே விரும்பினாலும் அது திறக்காது. குறுஞ்செய்தியில் வரும் ஓடிபி எண்ணுக்கு அந்தத் திறன் இல்லை, போலித் தளத்திலும் அதை நாம் தட்டிக் கொடுத்துவிடுவோம்.

தம்பி கொஞ்ச நேரம் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "அப்பா சிறகுவலை போடுறவர்" என்றார். கரையோரத் தண்ணீரில் கம்பு நட்டு வலையை நீளமாக வேலிபோலக் கட்டுவார்களாம், அதன் கடைசியில் பட்டி என்ற அடைப்பு இருக்குமாம். மீன் அதில் முட்டாது. வேலியைக் கண்டதும் அதன் ஓரமாகவே ஆழத்தைத் தேடிப் போகும். "அது தப்பிப் போறன் எண்டுதான் நினைக்கும். கடைசியில பட்டிக்குள்ள நிக்கும்." இவ்வளவு சரியான விளக்கம் எனக்குத் தோன்றியிருக்காது. காசு முடங்கப் போகிறது என்ற பயம்தான் இங்கே வேலி. காப்பாற்றிக்கொள்கிறோம் என்று நினைத்துத்தான் பன்னிரண்டு சொற்களையும் தட்டுகிறோம்.

சொற்களைக் கேட்காத பட்டியும் உண்டு. இலவச நாணயம் தருகிறோம், வொலட்டை இணைத்து ஒப்புதல் கொடுங்கள் என்று வரும். அந்த ஒப்புதல், உங்கள் நாணயத்தை எடுத்துச் செல்ல வேறொரு நிரலுக்கு நீங்கள் கொடுக்கும் அனுமதி. தொகைக்கு எல்லை போடாவிட்டால், தொகை எழுதாத காசோலையில் கையெழுத்துப் போட்டதுபோல. பல மாதம் கழித்தும் திருடன் அதைக் காசாக மாற்றிக்கொள்ளலாம். முன்பு கொடுத்த ஒப்புதல்களைத் தேடி இரத்துச் செய்ய முடியும், இடைக்கிடை அதைச் செய்ய வேண்டும். முகவரியை நகலெடுக்கும்போதும் முதல் நான்கு, கடைசி நான்கு எழுத்துகளை மட்டும் பார்ப்பது போதாது. 2024 மேயில் ஒருவர் அப்படிப் பார்த்து, முனைகள் மட்டும் ஒத்த திருடனின் முகவரிக்கு ஏறத்தாழ 68 மில்லியன் டொலரை அனுப்பிவிட்டார். பெரும்பகுதி பின்னர் திரும்பி வந்தது, அது அபூர்வம்.

அந்தக் 'ஃபாண்டேஷன்' பிழையைப் போல எழுத்துப் பிழையைத் தேடிக் கண்டுபிடிக்கலாம் என்ற காலமும் போய்விட்டது. செயற்கை நுண்ணறிவு இப்போது பிழையில்லாமல் எழுதிக் கொடுக்கிறது, தமிழிலும். கடிதத்துக்குள் பொய்யைத் தேடுவதில் பயனில்லை. கடிதத்தை விட்டு வெளியே வந்துவிடுவதுதான் வழி. இணைப்பைத் தொடாமல், செயலியை நீங்களே திறந்து, அல்லது முகவரியை நீங்களே தட்டிப் பாருங்கள். உண்மையான அறிவித்தல் என்றால் அங்கேயும் இருக்கும். நீங்களாக ஒரு புதிய கருவியில் வொலட்டை மீட்கும் வேளை தவிர, பன்னிரண்டு சொற்களை எங்கும் தட்ட வேண்டிய தேவை வராது. எந்த நிறுவனமும், எந்த உதவி மையமும் அதைக் கேட்காது.

தவறி நடந்துவிட்டால் வெட்கப்பட்டு மறைக்க வேண்டாம். மிச்சமிருப்பதை உடனே புதிய சொற்களோடு திறந்த வேறு வொலட்டுக்கு மாற்றுங்கள். இலங்கை கணினி அவசர உதவிக் குழுவான செர்ட்டை 101 என்ற இலக்கத்தில் அழையுங்கள், பொலிஸில் முறைப்பாடு செய்யுங்கள். டெதர் போன்ற சில நாணயங்களை வெளியிடும் நிறுவனம் திருடனின் முகவரியை முடக்க முடியும் என்பதால் நேரம் முக்கியம். இங்கே பின்னால் நிற்க ஒரு வங்கி இல்லை. மெய்நிகர் நாணயத் திட்டம் எதற்கும் தான் அனுமதி கொடுக்கவில்லை என்றும், அவற்றை வாங்கக் கடனட்டையோ டெபிட் அட்டையோ பயன்படுத்த முடியாது என்றும் இலங்கை மத்திய வங்கி பொதுமக்களை எச்சரித்திருக்கிறது. அந்த வெற்றிடத்தில்தான் அடுத்த கடிதம் வரும்: போன காசை மீட்டுத் தருகிறோம், முதலில் ஒரு சிறு கட்டணம் செலுத்துங்கள் என்று. அவர்களும் திருடர்கள்தான்.

பள்ளமடு தாண்டியதும் சிக்னல் நன்றாக வந்தது. தம்பி வொலட் செயலியைத் தானே திறந்தார். எந்த எச்சரிக்கையும் இல்லை, காசு அப்படியே இருந்தது. பன்னிரண்டு சொற்களை எங்கே வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டேன். கொஞ்சம் தயங்கி, போனில் ஸ்க்ரீன்ஷொட்டாக இருப்பதாகச் சொன்னார். அது இணையச் சேமிப்பகத்துக்கும் போய்க்கொண்டிருந்தது. மின்னஞ்சல் கணக்கில் நுழைபவருக்கு அதுவும் கிடைக்கும். வீட்டுக்குப் போய்ப் புதிய வொலட் திறந்து, சொற்களைத் தாளில் எழுதி, காசை அதற்கு மாற்றச் சொன்னேன்.

"தாளை எங்க வைக்கிறது, அண்ணை? கடல் காத்து, ஈரம்."

"உங்கட காணி உறுதி எங்க இருக்கு?"

"அம்மாட்ட. பொலித்தீன் பைக்குள்ள." 2008இல் ஊரைவிட்டு ஓடியபோது அவருக்கு வயது ஐந்து. அம்மா அந்தப் பையை இடுப்பில் கட்டிக்கொண்டு முள்ளிவாய்க்கால் வரை போய், முகாமுக்கும் போய், திரும்பவும் இலுப்பைக்கடவைக்கே கொண்டுவந்தாராம். உறுதி, பிறப்புச் சான்றிதழ்கள், ஒரு கலியாணப் படம்.

"அதுக்குள்ளயே வைக்கிறன்" என்று சொல்லிவிட்டுச் சந்தியில் இறங்கினார்.