தாடை மேல் ஒரு பழி

சப்பாத்தியை நாலு தடவை மென்றதும் காதுக்கு முன்னால் ‘டக்’ என்று ஒரு சத்தம். பிறகு வலி. கொட்டாவி விடவே பயம். பல் டாக்டரிடம் போனால் ‘தாடை மூட்டுக் கோளாறு’ என்கிறார். இதுவரை பலருக்கும் பழகிய கதைதான். ஆனால் சிலருக்கு இன்னொரு புகாரும் சேர்ந்துகொள்கிறது. கவளம் தொண்டையில் இறங்க அடம்பிடிக்கிறது. நாக்கு சோர்ந்து கிடக்கிறது. அதற்கும் தாடைதான் காரணமா?

விழுங்குவதில் சிரமம் மட்டும் என்றால், இருக்கலாம். ஒவ்வொரு முறை விழுங்கும்போதும் கீழ்த்தாடை அசையாமல் நிலைகொள்ள வேண்டும். அந்தப் பிடிமானத்தில்தான் நாக்கு மேலண்ணத்தை அழுத்தி உணவைப் பின்னுக்குத் தள்ளுகிறது. நாக்கின் முக்கியத் தசை தாடையின் உட்புறத்தில்தான் வேர் கொண்டிருக்கிறது. மூட்டு வலிக்கிறவர்கள் தாடையை முழுதாக அழுத்தாமல் தயங்கித் தயங்கி விழுங்குகிறார்கள், சரியாக மெல்லாமலும் விழுங்குகிறார்கள். தொண்டை முரண்டு பிடிப்பதில் ஆச்சரியமில்லை.

நாக்கு உண்மையிலேயே பலமிழந்திருந்தால் விஷயம் வேறு. மெல்லும் தசைகளை இயக்குவது மூளையிலிருந்து வரும் ஐந்தாவது நரம்பு. நாக்கை இயக்குவது பன்னிரண்டாவது. மூட்டு தேய்ந்தாலும் அதன் குருத்தெலும்புத் தட்டு நழுவினாலும் இந்தப் பன்னிரண்டாவது நரம்பு செயலிழக்காது. கண்ணாடி முன் நாக்கை நீட்டும்போது ஒரு பக்கம் சாய்ந்தாலோ, நாக்கின் ஒரு பாதி சூம்பியிருந்தாலோ நரம்பியல் நிபுணரைப் பார்க்க வேண்டும். (ஒரு எச்சரிக்கை: மூட்டுக் கோளாறில் வாயைத் திறக்கும்போது தாடையே கோணிக்கொள்ளும். அப்போது நேரான நாக்கும் கோணலாகத் தெரியும். மூக்கின் நேர்க்கோட்டை வைத்துப் பார்ப்பதே சரி.)

ஏமாற்றும் நோய்களில் ஒன்று மயஸ்தீனியா. சாப்பிட ஆரம்பிக்கும்போது சரியாக இருக்கும் தாடை, பாதிச் சாப்பாட்டில் களைத்துவிடும். மாலையில் கண்ணிமை தொங்கும், குரல் மூக்கால் வரும். வலி அநேகமாக இருக்காது. மாத்திரைக்குக் கட்டுப்படக்கூடிய நோய் இது. மூட்டு வலி என்று நினைத்து மாதங்களை வீணாக்குவதுதான் கொடுமை. நாக்கு திடீரெனக் குழறினால் மாதக்கணக்கெல்லாம் இல்லை. அது பக்கவாதமாக இருக்கலாம், உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

ஆனால் இந்தியாவில் முதலில் கேட்க வேண்டிய கேள்வி: பாக்கு போடுகிறீர்களா? கிழக்கு ஆப்பிரிக்காவில் வாழ்ந்த ஐந்து இந்தியப் பெண்களிடம் 1952-ல் ஷ்வார்ட்ஸ் என்ற மருத்துவர் விவரித்த நோய், இன்று பான் மசாலா மெல்லும் இளைஞர்களின் வாயில் குடியிருக்கிறது. முதலில் மிளகாய் பட்டால் எரிச்சல். பிறகு கன்னத்தின் உட்புறம் வெளுத்து, நார்ப்பட்டைகள் இறுகுகின்றன. மூன்று விரல் நுழைந்த வாயில் ஒன்று நுழைவதே பாடு. நாக்கை நீட்ட முடியாது. நார் தொண்டைவரை பரவினால் விழுங்குவதும் கஷ்டம். நோயாளி ‘தாடை பூட்டிக்கொண்டது’ என்றுதான் வருகிறார். மூட்டோ நன்றாகவே இருக்கும். இந்த வாய் புற்றுநோய்க்கும் இடம் கொடுக்கும். புகையிலை கலக்காத வெறும் பாக்கே புற்றுநோய் உண்டாக்கும் என்று சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2004-ல் அறிவித்தது. 2012-ல் மத்தியப் பிரதேசம் கொண்டுவந்த குட்கா தடை மற்ற மாநிலங்களுக்கும் பரவியது. வியாபாரிகள் அசரவில்லை. பான் மசாலா ஒரு பொட்டலம், புகையிலை இன்னொரு பொட்டலம். கலக்கும் வேலை வாடிக்கையாளருக்கு!

உண்மையான மூட்டுக் கோளாறு அவ்வளவு பயப்பட வேண்டியதல்ல. பெரும்பாலோருக்கு மென்மையான உணவு, வெந்நீர் ஒத்தடம், பல்லைக் கடிக்காதிருத்தல், சில பயிற்சிகள் ஆகியவற்றிலேயே குறைந்துவிடும். ஆரம்பத்திலேயே பல்லை ராவவோ அறுவை சிகிச்சைக்கோ சம்மதிக்க வேண்டாம். விழுங்கும் சிரமம் நீடித்தால் பேரியம் கலந்த உணவைக் கொடுத்து எக்ஸ்ரே படமாக ஓடவிட்டுப் பார்ப்பார்கள். எங்கே தடைபடுகிறது என்பது தெரிந்துவிடும்.

பாக்கால் இறுகிய வாய்க்கு முதல் மருந்து பாக்கை விடுவது. ஊசி, தேவைப்பட்டால் அறுவை சிகிச்சை. அதன் பிறகும் தினமும் ஐஸ்கிரீம் குச்சிகளை அடுக்கிப் பற்களுக்கிடையே செருகி வாயைத் திறந்து பழக வேண்டும். ஒரு குச்சி கூடுதலாக நுழைவதற்கே சில வாரங்கள் ஆகலாம்.