உதையில் பிரிந்த குடும்பம்

'அமெரிக்காக்காரர்கள் பந்தைக் கையில் இடுக்கிக்கொண்டு ஓடுகிறார்கள். அதற்கு எப்படி ஃபுட்பால் என்று பேர் வைத்தார்கள்?' என்று வாசகர் ஒருவர் கோபமாகவே கேட்டு எழுதியிருக்கிறார். பேரை யாரும் திருடவில்லை. எங்கள் பெரியப்பா குடும்பத்தில் பாகம் பிரித்தபோது நிலம், பாத்திரம் எல்லாம் பங்காயின. வீட்டுப் பேரை மட்டும் எல்லாருமே வைத்துக்கொண்டார்கள். இங்கேயும் அதுதான் நடந்தது.

அன்றைய இங்கிலாந்தில் பள்ளிக்கூடத்துக்கு ஒரு ஃபுட்பால். ரக்பி பள்ளியில் பந்தை எடுத்துக்கொண்டு ஓடலாம். வேறு பல பள்ளிகளில் கூடாது. படிப்பு முடிந்து லண்டனுக்கு வந்தவர்களால் சேர்ந்து ஆட முடியவில்லை. எபினேசர் கோப் மார்லி என்ற வழக்கறிஞர் எடுத்த முயற்சியால், 1863 அக்டோபர் 26 அன்று ஃப்ரீமேசன்ஸ் டேவர்ன் என்ற விடுதியில் கிளப்புக்காரர்கள் கூடினார்கள். கால்பந்துச் சங்கம் பிறந்தது.

பொதுவிதிகளின் வரைவில் இரண்டு விதிகள் தகராறைக் கிளப்பின. ஒன்று, பந்தோடு ஓடலாம். மற்றது, அப்படி ஓடுகிறவனை இடிக்கலாம், பிடிக்கலாம், இடறிவிடலாம், முழங்காலுக்குக் கீழே எலும்பில் உதைக்கலாம். இந்த உதைக்கு 'ஹேக்கிங்' என்று பேர். உதை இருந்தால் விவரம் தெரிந்த வயதில் யாரும் ஆட வரமாட்டார்கள் என்றார் மார்லி. அதை எடுத்தால் ஆட்டத்தில் வீரமே இருக்காது என்றார் பிளாக்ஹீத் கிளப்பின் கேம்ப்பெல். டிசம்பர் 1 அன்று 13க்கு 4 என்ற வாக்கில் இரண்டு விதிகளும் போயின. அடுத்த வாரமே பிளாக்ஹீத் வெளியேறியது.

அதற்காக அந்தச் சங்கத்தின் முதல் விதிகளை இன்றைய கால்பந்து என்று நினைத்துவிட வேண்டாம். பந்தைக் கையால் பிடிக்கலாம். பிடித்தவனுக்கு ஃப்ரீ கிக் உண்டு. கோலுக்கு மேல்கம்பமும் கிடையாது. வெளியே போன பிளாக்ஹீத்தும் மற்ற கிளப்புகளும் 1871இல் ரக்பி சங்கத்தைத் தொடங்கினார்கள். அவர்களும் ஹேக்கிங்கைத் தடை செய்துவிட்டார்கள்!

எனக்கு ஒரு வருத்தம் உண்டு. வெப் எல்லிஸ் என்ற பையன் 1823இல் பந்தைத் தூக்கிக்கொண்டு ஓடியதில்தான் ரக்பி பிறந்தது என்ற கதை, அவர் இறந்த பிறகு, 1876இல் கிளம்பியது. நேரில் பார்த்தவர் சொன்னதல்ல. ரக்பி உலகக் கோப்பைக்கு அவர் பேர். உட்கார்ந்து விதி எழுதிய மார்லியோ, கைவிடப்பட்ட பார்ன்ஸ் கல்லறைத் தோட்டத்தில் புதர்களுக்கு நடுவே கிடக்கிறார். கோடிகள் புரளும் ஆட்டம் அந்த இடத்தையாவது பராமரிக்க வேண்டாமா?

வாசகர் கேட்டதற்கு வருகிறேன். 1874இல் கனடாவின் மெக்கில் பல்கலைக்கழக அணி ஹார்வர்டுக்கு வந்து ரக்பி முறையில் ஆடியது. ஹார்வர்டுக்கு அது பிடித்துப்போனது. 1880இலிருந்து வால்டர் கேம்ப் என்பவர் அந்த ரக்பி விதிகளை மாற்றி மாற்றி இன்றைய அமெரிக்க ஆட்டத்துக்கு வழி வகுத்தார். கால்பந்துக்கு அவர்கள் சொல்லும், நாம் கேலி செய்யும் 'சாக்கர்' என்ற பேரும் அமெரிக்கச் சரக்கல்ல. 'அசோசியேஷன் ஃபுட்பால்' என்பதை இங்கிலாந்து மாணவர்கள் செல்லமாகச் சுருக்கிக் கூப்பிட்டது.