துவர்ப்பு: சுவையா, தொடு உணர்ச்சியா?

மாணவர்களே, அதிக நேரம் ஊறிய ‘தே ஓ’வைக் குடித்தால் நாக்கு வறண்டதுபோல் இருக்கும் அல்லவா? இத்தாலியின் புகழ்பெற்ற பரோலோ சிவப்பு ஒயினின் தனித்தன்மையும் இந்தத் துவர்ப்புதான்.

வடமேற்கு இத்தாலியின் பியட்மாண்ட் வட்டாரத்தில், லாங்கே குன்றுகளில் விளையும் நெபியோலோ திராட்சையிலிருந்து மட்டுமே பரோலோ தயாராகிறது. இத்திராட்சை தாமதமாக, பெரும்பாலும் அக்டோபரில்தான் பழுக்கும். அப்போது குன்றுகளைப் பனிமூட்டம் சூழும். இத்தாலிய மொழியில் பனிமூட்டம் ‘நெபியா’. திராட்சையின் பெயர் அதிலிருந்து வந்தது என்பர்.

சாற்றிலுள்ள சர்க்கரையை ஈஸ்ட் எத்தனாலாகவும் கரிவளியாகவும் மாற்றுகிறது. அப்போது பழத்தோலிலிருந்தும் விதையிலிருந்தும் டேனின் சாற்றில் கரைகிறது. குடிக்கும்போது டேனின் உமிழ்நீரின் புரதங்களோடு பிணைகிறது. வாயின் வழுவழுப்பு குறைகிறது. அறுசுவையில் துவர்ப்பும் ஒன்று என்கிறோம். ஆனால், அறிவியல் அதைப் பெரும்பாலும் தொடு உணர்ச்சியாகவே கருதுகிறது.

பரோலோவைக் குறைந்தது 38 மாதங்கள் முதிர வைக்க வேண்டும் என்பது விதி. அவற்றில் 18 மாதங்கள் மரப்பீப்பாயில். அக்காலத்தில் டேனின் மூலக்கூறுகள் தமக்குள்ளும் நிறமிகளோடும் இணைவதால் துவர்ப்பு மென்மையாகிறது.

தேநீரிலும் டேனின் உண்டு. அதில் பால் சேர்த்தால், பாலிலுள்ள கேசின் புரதம் டேனினைப் பிடித்துக்கொள்ளும். ஒரே தேநீரைப் பாலோடும் பாலின்றியும் அருந்திப் பாருங்கள். வேறுபாட்டை உங்கள் நாக்கே சொல்லும்.