திரும்பிப் போனால் வயல் இருக்குமா?

சென்னையிலிருந்து திருவொற்றியூர், எண்ணூர் வழியாகச் செல்லும் புறநகர் ரயில் கும்மிடிப்பூண்டியை அடைகிறது. எண்ணூர்ப் பகுதியில் பர்மா நகர் உள்ளது. கும்மிடிப்பூண்டியில் இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம். "ஊருக்குத் திரும்புவீர்களா?" என்ற கேள்விக்கு இரு இடத்தாரின் வரலாற்றிலும் விடை பெரும்பாலும் நிலத்தைப் பொறுத்தே அமைந்துள்ளது.

1941 டிசம்பரில் ரங்கூனில் ஜப்பானியர் குண்டு வீசியதும் லட்சக்கணக்கான இந்தியர்கள் பர்மாவை விட்டு வெளியேறினர். பலர் மலைக்காடுகளை நடந்தே கடந்தனர். போர் முடிந்ததும் நிறையப் பேர் திரும்பிப் போயினர். ஆனால் பர்மாவில் 1948இல் நில நாட்டுடைமைச் சட்டம் வந்தது; 1964இல் கடைகளும் அரசுடைமையாயின. அதன்பின் சென்னைத் துறைமுகத்தில் வந்து இறங்கியவர்களுக்கு அங்கே மீட்க ஏதும் இல்லை. அப்படியும் சிலர் மணிப்பூர் வழியே பர்மா செல்ல முயன்று, எல்லையில் தடுக்கப்பட்டு, மோரே என்ற ஊரிலேயே தங்கிவிட்டனர்.

இலங்கையில் 1983இல் மூண்ட போர் 2009இல் முடிந்தது. நிலத்தை விட்டு வந்தவர்களுக்கு அங்கே ஒரு சிக்கல். ஒருவர் நிலத்தை மற்றவர் 10 ஆண்டு தடையின்றி அனுபவித்தால் உரிமை கோரலாம். (நம் நாட்டில் இது 12 ஆண்டு.) போரால் இடம்பெயர்ந்தோரைக் காக்க 2016இல் தனிச்சட்டம் இயற்றப்பட்டது. ஆனால் வழக்குத் தொடர 2 ஆண்டே அவகாசம். கடல் கடந்து முகாமில் இருந்தவர்களில் எத்தனை பேருக்கு அந்தச் செய்தி எட்டியிருக்கும்?

நிலம் கைக்கு வந்தாலும் உடனே ஏர் பூட்ட இயலாது. கண்ணிவெடி அகற்றப்பட்டதா என்று முதலில் உறுதி செய்ய வேண்டும். பிறகு புதர் வெட்டி, வரப்புக் கட்டி, தூர்ந்த கிணற்றைச் சீர்செய்ய வேண்டும். வன்னியில் பெரும்போகம் வடகிழக்குப் பருவமழையை நம்பியது. ஆகவே ஐப்பசியில் போய் இறங்கினால் அந்தப் போகம் கைநழுவியதுதான். முதல் ஆண்டு தக்கைப்பூண்டு விதைத்து மடக்கி உழுவது நல்லது. தென்னை பலன் தர 6, 7 ஆண்டுகளாகும். பனைக்கு 15 ஆண்டுகளுக்கு மேலும் ஆகலாம். அதுவரை குடும்பம் எதைக் கொண்டு சாப்பிடுவது என்பதையும் கணக்கிட்டே புறப்பட வேண்டும்.

தேயிலைத் தோட்டங்களிலிருந்து வன்னிக்குப் பெயர்ந்து, பின்னர் இங்கு வந்த குடும்பங்கள் பலவற்றிற்கு அங்கும் சொந்த நிலம் இல்லை. இங்கேயே பிறந்து, பெயிண்ட் அடிக்கும் வேலைக்குப் போகும் இளைஞர்களில் பலர் கேட்பது இந்தியக் குடியுரிமையை.