டெண்டரில் நாம் தோற்பது விலையில் அல்ல

திருவான்மியூரில் மருந்தீசுவரர் கோயிலுக்குக் கொஞ்ச தூரத்தில் நண்பர்கள் சிலர் சேர்ந்து ஒரு சிறிய இயற்கை அங்காடி நடத்துகிறோம். மரபு அரிசியும் சாமையும் வரகும் வாங்க வருகிறவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "இதை ஏன் கார்ப்பரேஷன் ஸ்கூல்ல சமைச்சுப் போட மாட்டேங்குறாங்க? காசு இருக்கிறவங்க மட்டும்தான் நஞ்சில்லாம சாப்பிடணுமா?"

மூட்டை கொண்டுவரும் உழவர்களும் இதையேதான் கேட்கிறார்கள், வேறு விதமாக. "அஞ்சு கிலோ, பத்து கிலோன்னு எத்தன நாளைக்குத்தான் விக்கிறது? கவர்மெண்டு வாங்கினா ஒரே லோடுல முடிஞ்சிருமே!"

இரண்டு பேருக்கும் நம்மிடம் ஒரே பதில்தான் தயாராக இருக்கிறது: "அரசாங்கம் டெண்டர் விட்டு, யார் குறைச்சலாச் சொல்றாங்களோ அவங்ககிட்டத்தான் வாங்கும். நமக்குக் கட்டாது." இது பாதி உண்மை. மீதிப் பாதியைத் தெரிந்துகொள்வதற்காகச் சட்டத்தையும் சில டெண்டர் ஆவணங்களையும் உட்கார்ந்து படித்தேன். புரிந்ததை இங்கே சொல்கிறேன்.

சட்டம் சொல்வது என்ன?

தமிழ்நாடு ஒப்பந்தப்புள்ளி வெளிப்படைத்தன்மைச் சட்டம் 1998-ல் வந்தது. அதன் விதிகள் 2000-ல் வந்தன. இப்படித் தனிச்சட்டம் கொண்டுவந்ததில் மற்ற மாநிலங்களுக்கு முன்னோடி நாம்தான். அடுத்த ஆண்டு கர்நாடகம் கொண்டுவந்தது. அதற்கு முன்பெல்லாம் அதிகாரிக்கு வேண்டியவருக்கு, வேண்டிய விலைக்கு ஆர்டர் போவதைத் தடுக்கத் தெளிவான வழி இல்லை. பொதுப்பணம் மக்களுடைய பணம். அதைச் செலவழிக்கும்போது எல்லோருக்கும் தெரியும்படி அறிவித்து, எல்லோருக்கும் ஒரே வாய்ப்புக் கொடுத்து வாங்க வேண்டும் என்பதுதான் சட்டத்தின் சாரம். அதனால் "டெண்டரே வேண்டாம்" என்று நாம் பேசக்கூடாது. அது நாளைக்கு நம்மையே திருப்பி அடிக்கும்.

சட்டத்தில் நமக்கு முக்கியமான இடங்கள் மூன்று.

முதலாவது, கால அவகாசம். 2 கோடி ரூபாய் வரையான டெண்டருக்குக் குறைந்தது 15 நாள், அதற்கு மேற்பட்டதற்கு 30 நாள் கொடுக்க வேண்டும்.

இரண்டாவது, குறைந்த விலை. எல்-1 என்று சொல்கிறார்களே, அது வந்த எல்லா விலையிலும் குறைந்த விலை அல்ல. கேட்ட தகுதியும் தரமும் உள்ளவர்களுக்குள் குறைந்த விலை. இரண்டு உறை முறையில் முதலில் தொழில்நுட்ப உறையைப் பிரிக்கிறார்கள். அதில் தேறியவர்களின் விலை உறையை மட்டும்தான் அப்புறம் பிரிக்கிறார்கள்.

மூன்றாவது, மேல்முறையீடு. டெண்டர் முடிவில் குறை இருந்தால் 10 நாளுக்குள் அரசிடம் முறையிடலாம். ஆனால் அந்த உரிமை டெண்டர் போட்டவருக்குத்தான். வெளியே நின்று குறை சொல்கிறவருக்கு இல்லை.

கதவு எங்கே மூடுகிறது?

ஜவ்வாது மலையில் 300 பேர் சேர்ந்த ஓர் உழவர் உற்பத்தியாளர் நிறுவனம் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அவர்களிடம் 100 டன் சாமை இருக்கிறது. அரசு 2,000 டன்னுக்கு ஒரே டெண்டர் விடுகிறது. மொத்த அளவையும் ஒருவரே தர வேண்டும் என்றால் இவர்கள் கதை அங்கேயே முடிந்தது. முன்வைப்புத் தொகை ஒரு விழுக்காடு என்று வைத்தாலும், 10 கோடி ரூபாய் டெண்டருக்கு 10 லட்சம் ரூபாயை முன்கூட்டியே கட்டி முடக்க வேண்டும். கடந்த மூன்று ஆண்டு விற்றுமுதல் இத்தனை கோடி, இதே பொருளை அரசுக்குக் கொடுத்த அனுபவம், சொந்தக் கிடங்கு என்று நிபந்தனைகள் நீளும்.

விலை உறை பிரியும் நாளில் நம்மவர் அங்கே இருக்கவே மாட்டார். அவருடைய விலை கட்டுமா கட்டாதா என்று யாரும் பார்க்கவே இல்லை. நாம் தோற்பது விலையில் அல்ல. அதற்கு முன்பே, டெண்டர் ஆவணத்தை எழுதும் மேசையில் தோற்றுவிடுகிறோம்.

பொருளின் விவரக்குறிப்பும் அந்த மேசையில்தான் எழுதப்படுகிறது. "சாமை, ஈரப்பதம் இவ்வளவு, கல் குருணை இவ்வளவு" என்று மட்டும் எழுதினால் எங்கிருந்து வந்த சாமையும் ஒன்றுதான். சான்று பெற்றது, இந்த மாவட்டத்தில் விளைந்தது, பூச்சிக்கொல்லி எச்சம் சோதிக்கப்பட்டது என்று எழுதினால் போட்டி வேறு ஆகிவிடும். அப்போதும் குறைந்த விலைக்குத்தான் வாங்குவார்கள். ஆனால் ஒரே மாதிரிப் பொருள்களுக்குள் அந்தப் போட்டி நடக்கும்.

வெல்லமும் கரும்பும்

விவரக்குறிப்பும் மேற்பார்வையும் தளர்ந்தால் என்ன ஆகும் என்பதற்கு 2022 பொங்கல் பரிசுத் தொகுப்பை நினைத்துப் பாருங்கள். 21 பொருள்கள் கொடுத்தார்கள். பல ஊர்களில் வெல்லம் உருகி ஒழுகியதாகப் புகார் எழுந்தது. அடுத்த ஆண்டுத் தொகுப்பில் வெல்லமே இல்லை. தரம் தவறியதற்கான தண்டனை, ஒழுங்காக வெல்லம் காய்ச்சுகிற உழவர் தலையிலும் விழுந்தது.

2023 பொங்கலுக்கு முதலில் கரும்பையும் விட்டுவிட்டார்கள். பொங்கலை நம்பிப் பன்னீர்க் கரும்பு போட்டிருந்த உழவர்கள் தெருவுக்கு வந்தார்கள். அரசு இறங்கி வந்து கரும்பைச் சேர்த்தது. டெண்டர் இல்லை, உழவரிடம் நேரடிக் கொள்முதல். போக்குவரத்துச் செலவும் சேர்த்து ஒரு கரும்புக்கு அதிகபட்சம் 33 ரூபாய், உயரம் 6 அடி, பணம் வங்கிக் கணக்கில் என்று அறிவித்தார்கள். 2.19 கோடி அட்டைக்குக் கணக்குப் போட்டால் ஏறக்குறைய 72 கோடி ரூபாய்.

ஆக, டெண்டர் இல்லாமலும் அரசு வாங்குகிறது. நேரடி நெல் கொள்முதல் நிலையமும் அப்படித்தான்: விலையை முன்கூட்டியே அறிவிக்கிறது, எந்த உழவர் கொண்டுவந்தாலும் எடுக்கிறது. தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் கேழ்வரகை நேரடியாகக் கொள்முதல் செய்தார்கள். 2023 மே மாதம் தருமபுரி, நீலகிரி ரேஷன் கடைகளில் 2 கிலோ அரிசிக்குப் பதிலாக அந்தக் கேழ்வரகைக் கொடுக்கத் தொடங்கினார்கள்.

ஆனால் நேரடிக் கொள்முதல் என்றாலே எல்லாம் யோக்கியம் என்று நினைத்துவிடக் கூடாது. கரும்பில் இடைத்தரகர் புகுந்து உழவர் கைக்கு வந்தது குறைவு என்று புகார் வந்தது. கொள்முதல் நிலையத்தில் சிப்பத்துக்கு இவ்வளவு என்று பணம் பறிப்பது டெல்டாவில் யாருக்கும் புதுச் செய்தி அல்ல. டெண்டரோ நேரடியோ, யாரிடம், எவ்வளவு, என்ன விலைக்கு வாங்கினார்கள் என்று ஊரறியப் பலகையில் எழுதினால்தான் பொதுப்பணத்துக்குப் பாதுகாப்பு.

பிரேசில் செய்தது

பிரேசில் நாடு 2009-ல் ஒரு சட்டம் போட்டது. பள்ளி உணவுக்கு மத்திய அரசு தரும் பணத்தில் குறைந்தது 30 விழுக்காட்டுக்குக் குடும்ப உழவர்களிடமிருந்தே வாங்க வேண்டும் என்று அப்போது விதித்தது. அதற்கு வழக்கமான டெண்டர் தேவையில்லை. பொது அழைப்பு விட்டால் போதும். உள்ளூர்ச் சந்தை நிலவரத்தைப் பார்த்து விலையை முன்பே அறிவிக்கிறார்கள். உழவர்கள் விலையில் அடித்துக்கொள்வதில்லை. உள்ளூர்க் குழுக்கள், பழங்குடியினர், நிலச்சீர்திருத்தக் குடியிருப்பினர், இயற்கை உழவர்கள் ஆகியோருக்கு முன்னுரிமை. இயற்கை விளைபொருளுக்குத் தனியாக விலை கண்டறிய முடியாவிட்டால் 30 விழுக்காடு வரை கூட்டித் தரலாம். வெளிப்படைத்தன்மையும் போகவில்லை, சிறு உழவரும் உள்ளே வந்துவிட்டார்.

நாம் எதைக் கேட்பது?

நம் மாநிலத்தில் இதற்கு வாசல் ஏற்கெனவே கொஞ்சம் திறந்திருக்கிறது. முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பரில் மதுரையில் தொடங்கியது. வாரத்தில் இரண்டு நாளாவது அந்தந்தப் பகுதியில் விளையும் சிறுதானியத்தில் சிற்றுண்டி செய்யலாம் என்று அதற்கான அரசாணையிலேயே இருக்கிறது. 2023 மார்ச்சில் அங்கக வேளாண்மைக் கொள்கையும் வெளியானது. கொள்கையில் உள்ள நல்ல சொற்கள் டெண்டர் ஆவணத்தில் ஏறினால்தான் மூட்டை லாரியில் ஏறும்.

எனவே நம் கோரிக்கைகள் இப்படி இருக்கலாம்:

ஒன்று: சிறுதானியத்தையும் மரபு அரிசியையும் மாநிலம் முழுவதற்கும் ஒரே மூட்டையாகக் கேட்காமல், மாவட்ட வாரியாக, வட்டார வாரியாகப் பிரித்துக் கேட்க வேண்டும். டெண்டரைத் தவிர்க்கத் துண்டு போடுவது தவறு. ஒரே டெண்டருக்குள் சிறு தொகுதிகள் வைப்பது தவறு அல்ல.

இரண்டு: உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்களுக்கு முன்வைப்புத் தொகையிலும் விற்றுமுதல் நிபந்தனையிலும் தளர்வு வேண்டும். தரத்தில் தளர்வு வேண்டாம்.

மூன்று: விதைக்கும் முன்பே விலையையும் அளவையும் அறிவிக்க வேண்டும். அறுவடைக்குப் பிறகு அறிவித்தால் அது வியாபாரிக்குத்தான் உதவும்.

நான்கு: பணம் எத்தனை நாளில் வரும் என்பதை எழுத்தில் தர வேண்டும். பெரிய நிறுவனம் ஆறு மாதம் தாங்கும். உழவரால் அடுத்த விதைப்புவரைகூடத் தாங்க முடியாது.

நம் பக்கத்து வேலையும் நிறைய இருக்கிறது. தமிழ்நாடு அங்ககச் சான்றளிப்புத் துறையின் சான்றோ, பங்கேற்பு உறுதியளிப்பு முறையான பி.ஜி.எஸ். சான்றோ கையில் இருக்க வேண்டும். உணவுப் பாதுகாப்பு உரிமம் வேண்டும். கல், குருணை நீக்கி ஒரே தரத்தில் மூட்டை கட்டப் பழக வேண்டும். "நம்ம சரக்கு நல்ல சரக்கு"ன்னு வாயால் சொன்னால் ஆய்வுக் குழு ஏற்காது.

அடுத்த பருவத்துக்குள் ஒவ்வொரு குழுவும் செய்யக்கூடிய காரியம் ஒன்று இருக்கிறது. உங்கள் மாவட்டத்தில் சத்துணவுக்கும் காலை உணவுக்கும் வாங்கிய பொருள்களின் டெண்டர் ஆவணத்தைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்டு வாங்குங்கள். எந்த நிபந்தனை நம்மை வெளியே தள்ளுகிறது என்று சிவப்பு மையில் கோடு போடுங்கள். அரசின் மின்-டெண்டர் தளத்தில் பதிவு செய்யுங்கள். டெண்டருக்கு முந்தைய கூட்டம் இருந்தால் போய் உட்கார்ந்து கேள்வி கேளுங்கள். எழுத்தில் பதில் வாங்குங்கள். தோற்றாலும் பரவாயில்லை, ஒரு சிறிய தொகுதிக்காவது டெண்டர் போடுங்கள். போட்டவருக்குத்தான் முறையிடும் உரிமை.